அறுபது வயதுக்கு மேல் தொப்பை, பிரஷர், சுகர்: வீட்டிலிருந்தே தொடங்க ஒரு முழு வழிகாட்டி

அறுபதைத் தாண்டியவரிடம் "எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னால் பல வீடுகளில் முதலில் நிற்பது இரவுச் சாப்பாடு. இரண்டு மூன்று மாதத்தில் எடை குறையத்தான் செய்யும். ஆனால் கன்னம் ஒட்டிப்போகும், கையும் காலும் மெலியும், தொப்பை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாடிப்படி ஏறுவது முன்னைவிடக் கஷ்டமாகிவிடும். குறைந்த எடையில் நல்ல பங்கு தசையாகப் போயிருப்பதுதான் காரணம்.

அதனால் இந்த வயதில் எடை மெஷினை மட்டும் நம்பிப் பயனில்லை. இடுப்புச் சுற்றளவு குறைய வேண்டும், பிரஷர் இறங்க வேண்டும். அதே சமயம் கால் பலம் போய்விடக் கூடாது, தலைசுற்றி விழுந்துவிடவும் கூடாது. இந்த நான்கையும் சேர்த்து யோசித்துத்தான் கீழே உள்ள படிகளைச் சொல்கிறேன். அம்மா அப்பாவுக்காகப் படிப்பவர்களும் தங்களுக்காகவே படிப்பவர்களும் இதே வரிசையில் போகலாம்.

தொப்பையும் பிரஷரும் ஏன் சேர்ந்தே வருகின்றன? தோலுக்கு அடியில் கையில் பிடிபடும் கொழுப்பு ஒரு வகை. குடலையும் ஈரலையும் சுற்றி வயிற்றுக்குள்ளே தேங்குவது இன்னொரு வகை. இந்த உள்கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. அங்கே கொழுப்பு படிகிறது, இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் மிகுந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். வயதோடு ரத்தக்குழாய்கள் விறைத்துப்போவதும் சேர, பிரஷரின் மேல் எண் ஏறிக்கொண்டே போகிறது. வயதானவர்களில் பலருக்கு மேல் எண் 160, கீழ் எண் 75 என்று இருப்பது இதனால்தான். கீழ் எண் நார்மல்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது.

நம் உடல்வாகு இதில் இன்னொரு சிக்கல். புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்தும் உள்ளே கொழுப்பு சேர்ந்திருப்பது இந்தியர்களிடம் சகஜம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இண்டியாப்' (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமனும் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணக்கிட்டது.

படி 1: இஞ்ச் டேப்பை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், சட்டையோ சேலையோ குறுக்கிடாமல் நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளவைப் பாருங்கள். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட்டை இறக்கிக் கட்டுபவர்களுக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்: தெற்காசியர்களுக்கு இதுதான் எல்லைக்கோடு. அதை எட்டினாலே கவனம் தேவை. மாதம் ஒரு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் அடிக்கடி அளப்பது மனசை அலைக்கழிக்கும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வாரங்களிலேயே வயிறு மளமளவென்று பெருத்தால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு வாங்கினால், அல்லது கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பினால் அதைத் தொப்பை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈரல், இதயம், பெண்களுக்குச் சினைப்பை என்று வேறு காரணம் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தாலும் அப்படித்தான்.

படி 2: ஒரு வாரம் ஒழுங்காகப் பிரஷர் பாருங்கள்

ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருந்து, படியேறி வந்த மூச்சு அடங்குமுன் பார்க்கும் பிரஷரை வைத்து மட்டும் முடிவெடுப்பது சரியில்லை. வீட்டில் பார்ப்பதே நல்லது. ஆனால் வீட்டிலும் பலர் பார்க்கும் விதம் தப்பாக இருக்கிறது.

மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். பட்டையின் அளவு முக்கியம். கை பருமனாக இருப்பவருக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பட்டையின் மேலேயே எத்தனை சென்டிமீட்டர் கைக்குப் பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். கையை அளந்து பார்த்து வாங்குங்கள்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், காலைக் குறுக்கே போடக் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். டிவி வேண்டாம், பேச்சும் வேண்டாம். அளக்கும்போது பேசினாலே எண் ஏறிவிடும். முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடருங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். மாலையிலும் அதேபோல். ஏழு நாள் எழுதுங்கள், முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம்.

வயதானவர்களுக்கு இன்னும் ஒரு அளவு அவசியம். இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு. உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஆள் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறவர்களில் சிலருக்கு இந்த இறக்கம்தான் காரணம். இது தெரியாமல் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து.

படி 3: ரத்தப் பரிசோதனை

வெறும் வயிற்றுச் சுகர், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்), கொலஸ்ட்ரால் முழுப் பட்டியல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், ஹீமோகுளோபின், ஒரு ஈசிஜி. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். பெரிய 'மாஸ்டர் செக்அப்' பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி சரியான கணக்கைக் காட்டாது. ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

இனி இந்த ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்: இடுப்புச் சுற்றளவு மேலே சொன்ன எல்லை அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 150 அல்லது அதற்கு மேல், ஹெச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே, பிரஷர் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சுகர் 100 அல்லது அதற்கு மேல். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த வரி இருப்பதாகவே கணக்கு. மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். தனித்தனி வியாதிகளாகத் தெரிந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் கீழே வரும் மாற்றங்கள் ஐந்தையும் சேர்த்தே அசைக்கும்.

படி 4: உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

"நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் பேனாவால் அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். தீர்ந்த நாளையும் குறியுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு மாதம் 300 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 16 கிராமுக்கு மேல் என்று அர்த்தம். அப்பளம், ஊறுகாய், மிக்சர், கருவாடு, மோர் மிளகாய், வத்தல் வழியாக வரும் உப்பு இந்தக் கணக்கிலேயே வராது.

எங்கே குறைப்பது? சாம்பார், ரசம், பொரியல், தயிர்சாதம் என்று ஒரே வேளையில் நான்கு இடத்தில் உப்பு இருக்கிறது. முதலில் சாதம் வடிக்கும்போது போடும் உப்பையும் மோரில் கலக்கும் உப்பையும் நிறுத்துங்கள். அப்புறம் இலையில் உப்பு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஊறுகாய்க்குப் பதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். புளி, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவது தெரியாது. ஒரேயடியாகப் பாதியாக்கினால் பெரியவர்கள் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றினால் பிரஷருக்கு நல்லது என்ற பேச்சை நம்ப வேண்டாம். அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டிய பிரஷர்காரர்களிடம், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.

படி 5: தட்டை மாற்றிப் போடுங்கள்

நம் தட்டில் சாதம் மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கும். அதைத் திருப்ப வேண்டும். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை, மீன். மீதிக் கால் தட்டு சாதமோ இட்லியோ. பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சாப்பிட்ட பின் சுகர் ஏறும் வேகம் குறையும்.

வயதானவர்களின் சாப்பாட்டில் நான் அதிகம் கவலைப்படுவது புரதத்தைப் பற்றி. காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை. மூன்று வேளையும் மாவுச்சத்து. தெளிவாக ஊற்றும் சாம்பாரில் பருப்பு கொஞ்சம்தான் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். ஒரு வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். பல் இல்லாதவர்களுக்குக் கெட்டிப் பாசிப்பருப்புக் கூட்டு, தயிர், குழைய வேகவைத்த பயறு, அவித்த முட்டை பொருந்தும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சப்பாத்திக்கு மாறினால் சுகர் குறையும் என்பதும் சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பதும் சரியல்ல. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சுகர் சீக்கிரமே ஏறும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு நாளைக்கு நான்கு காபி, டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் அதிலேயே எட்டு டீஸ்பூன் போய்விடுகிறது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால் தாராளம்: 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ. எண்பது தாண்டியவர்கள், ஏற்கெனவே தளர்ந்து போனவர்கள், அடிக்கடி விழுபவர்கள் எடை குறைக்க முயலவே வேண்டாம். அவர்களுக்குப் புரதமும் பயிற்சியும் உப்புக் குறைப்பும் போதும்.

படி 6: நடை மட்டும் போதாது

காலையில் பார்க்கில் நடப்பவர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நடை இதயத்துக்கும் சுகருக்கும் செய்யும் நன்மையைத் தசைக்குச் செய்வதில்லை. பருமனான 160 முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 2017-இல் வெளியானது. உணவைக் குறைத்ததோடு நடைப் பயிற்சி, எடை தூக்கும் பயிற்சி இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் உடல் இயக்கம் மிக நன்றாக முன்னேறியது.

ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆணுக்கு 12-க்குக் கீழும் பெண்ணுக்கு 11-க்குக் கீழும் இருந்தால் கால் பலம் சராசரியைவிடக் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். இதையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம்: பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முடியாதவர்கள் தொடையில் கையை ஊன்றி எழலாம்.

அதோடு சுவரில் கையை வைத்துத் தள்ளும் பயிற்சி, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, அதே மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும். பிரஷர் 180/110-ஐத் தாண்டியிருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் இலக்கு. ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். சுகருக்கு அந்த நேரம்தான் மிகவும் உதவுகிறது. கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

படி 7: தூக்கம்

தொப்பை உள்ளவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடை. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காததற்கு இதுவும் காரணமாகலாம். பக்கத்தில் படுப்பவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

படி 8: மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், சூரணம் லேகியம் உட்பட, மேஜையில் பரப்புங்கள். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் கட்டாயம் இருக்கும். இவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்பைப் போக்கும் சளி மாத்திரைகள் சிலவும் பிரஷரை ஏற்றும். இருமலுக்குத் தினமும் சாப்பிடும் அதிமதுரமும் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். இது நாட்டு மருந்துதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறார்கள், சொல்லியாக வேண்டும்.

பிரஷர் நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது பரவலாக நடக்கும் தவறு. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கினாலோ, எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தாலோ டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். காலையா இரவா என்பதில் பெரிய வித்தியாசமில்லை, மறக்காத நேரம்தான் நல்ல நேரம். சிறுநீர் பிரியும் மாத்திரையை மட்டும் காலையில் போடுங்கள், ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டியிருக்காது.

வாந்தி, பேதி வந்தால், சித்திரை வெயிலில் சாப்பாடு இறங்காமல் சோர்ந்து படுத்தால், பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் அப்படியே தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் ரம்ஜான் நோன்புக்கும் முன்கூட்டியே பேசி மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

படி 9: இலக்கைக் கேட்டு வாங்குங்கள்

வயதானால் 160 இருக்கத்தான் செய்யும், "100 கூட்டல் வயசு" சரியான பிரஷர் என்ற பழைய கணக்கு இன்னும் புழங்குகிறது. எண்பது வயதைத் தாண்டிய 3,845 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் அதைத் தள்ளிவிட்டது. 150/80 இலக்கு வைத்து மாத்திரை கொடுத்தவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைந்ததால் அந்த ஆய்வையே சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். பொதுவாக 65 முதல் 79 வயது வரை மேல் எண் 140-க்குக் கீழ், உடம்பு தாங்கினால் 130 அருகில். எண்பதுக்கு மேல் தொடக்கத்தில் 150-க்குக் கீழ். ஆனால் நின்றால் தலைசுற்றுபவருக்கும் திடமாக நடமாடுபவருக்கும் ஒரே எண் பொருந்தாது. ஏழு நாள் பிரஷர் நோட்டு, நின்று பார்த்த அளவு, இடுப்புச் சுற்றளவு, மாத்திரைப் பட்டியல், இந்த நான்கையும் கொண்டுபோய், "எனக்கு எந்த எண் சரி டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். மாத்திரை மாற்றிய பின் இரண்டு வாரம் கழித்து நின்ற நிலை அளவை மறுபடி பாருங்கள்.

மெஷின் 180/120-க்கு மேல் காட்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். வேறு தொந்தரவு இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அவசரமாக இறக்கப் பார்க்காதீர்கள், சட்டென்று இறங்கினால் மூளைக்கு ரத்தம் குறையும். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.